மசோதா சட்டமாகும் வழி: தீண்டாமைக்கு எதிரான சட்டங்களின் வரலாறு

நாட்டின் சட்டங்கள் எங்கே இயற்றப்படுகின்றன என்று வினவினால், நம் மாணவர்கள் 'பாராளுமன்றத்தில்' என்று உடனே விடை கூறுவர். எவ்வாறு இயற்றப்படுகின்றன என்று மேலும் வினவினால், பட்டம் பெற்றோரும் தயங்கக் காண்கிறோம். பாடநூல்களில் மூன்று வாசிப்புகள், இரண்டு அவைகள், ஓர் ஒப்புதல் என அரைப் பக்கத்தில் இச்செய்தி முடிந்துவிடுகிறது. அந்த அரைப் பக்கத்தைக் கடக்க நம் மக்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை அவை சொல்வதில்லை. கல்வியையே கருவியாகக் கொண்ட சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றை எடுத்துரைப்பது பொருத்தமாகும் எனக் கருதுகிறோம்.

விடுதலைக்கு முன்

1932ஆம் ஆண்டில் டாக்டர் ப. சுப்பராயன் சென்னைச் சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா ஒன்றைக் கொணர முயன்றார். இஃது இந்தியா முழுமைக்கும் உரிய பொருள் எனக் கூறி, வைசிராய் அனுமதி மறுத்தார். மத்திய சட்டசபையில் சி. எஸ். ரங்க ஐயர் கொணர்ந்த மசோதாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1933இல் அறிமுகமான அம்மசோதா, பொதுமக்கள் கருத்தை அறியும் பொருட்டுச் சுற்றுக்கு விடப்பட்டது. வைதிகர்களின் எதிர்ப்பு ஒருபுறம் வளர்ந்தது. தேர்தல் நெருங்கவே, ஆதரித்தோர் மறுபுறம் பின்வாங்கினர். 1934 ஆகஸ்டில் கொணர்ந்தவரே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

டாக்டர் அம்பேத்கர் 1933 பிப்ரவரியிலேயே இம்மசோதாவை ஆதரிக்க மறுத்துவிட்டார். தீண்டாமை பாவம் என்று அது கூறவில்லை. கோயிலைத் திறப்பதை அவ்வட்டாரப் பெரும்பான்மையோரின் வாக்குக்கே விட்டது. உரிமையைப் பெரும்பான்மையின் தயவாக்கும் சட்டம் சட்டமாகாது என்பதை அன்றே அவர் கண்டுணர்ந்தார். வாக்கெடுப்பில் தோற்காமலேயே ஒரு மசோதா மடியக்கூடும் என்பதும் இவ்வரலாறு தரும் பாடமாகும்.

அரசியலமைப்பின் ஆணை

1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்பு விதியை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய 17ஆம் விதி. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்றும், அதனால் எழும் எந்த இயலாமையையும் வலியுறுத்துவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்றும் அது கூறுகிறது. ஆயின் தண்டனை யாது என்பதைச் சட்டமே வகுத்தாக வேண்டும். அவ்வதிகாரத்தை 35ஆம் விதி மாநிலங்களுக்குத் தராமல் பாராளுமன்றத்துக்கே அளித்து, இயன்ற விரைவில் சட்டம் இயற்றுக எனவும் பணித்தது. சென்னையில் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938இல் நிறைவேறியது போன்ற மாகாணச் சட்டங்கள் சில இருந்தன. நாடு முழுமைக்குமான சட்டமோ, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்தது.

1955ஆம் ஆண்டுச் சட்டம்

உள்துறை அமைச்சர் கைலாசநாத் கட்ஜு 1954இல் தீண்டாமைக் குற்றங்கள் மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தார். அறிமுகமே முதல் வாசிப்பு. இரண்டாம் வாசிப்பே மசோதாவின் உயிர்நிலை. முதற்கண் அதன் கொள்கை விவாதிக்கப்படும். தேவையெனில் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்படும். குழு அறிக்கை தந்தபின் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே வாக்குக்கு விடப்படும். உறுப்பினர்கள் திருத்தம் கொணர்வதும் இப்போதுதான். மூன்றாம் வாசிப்பில் முழு மசோதாவையும் ஏற்பதா, மறுப்பதா என்பதே வினா. பின்னர் மற்ற அவையிலும் இதே முறை. இரு அவைகளும் ஏற்றபின் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குச் செல்லும்.

இம்மசோதா இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. கட்ஜுவுக்குப் பின் உள்துறையை ஏற்ற கோவிந்த வல்லப பந்த் அதனை நிறைவேற்றுவித்தார். 1955 மே 8ஆம் நாள் ஒப்புதல் பெற்று, ஜூன் 1ஆம் நாள் 22ஆம் எண் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. கோயில், கிணறு, கடை, உணவுவிடுதி, மருத்துவமனை ஆகியவற்றில் தடை விதிப்போர் தண்டனைக்கு ஆளாயினர்.

திருத்தத்துக்கு ஆன காலம்

அச்சட்டத்தில் ஒரு சிறு பிரிவு பெருங்கேடு விளைத்தது. நீதிமன்றத்தின் அனுமதியோடு இருதரப்பும் சமரசம் செய்துகொள்ள அஃது இடமளித்தது. நிலவுடைமையாளருக்கும் அவர் நிலத்தில் கூலிவேலை செய்பவருக்கும் இடையே எவ்வகைச் சமரசம் நிகழும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. தண்டனையும் அபராதம் மட்டுமே என்ற அளவில் முடியக்கூடியதாக இருந்தது.

1965இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திரு. எல். இளையபெருமாள். நாடெங்கும் தீண்டாமையின் நிலையை ஆராய்ந்து, 1969இல் இக்குழு தன் அறிக்கையை அளித்தது. திருத்த மசோதா 1972இல் அறிமுகமாகி, கூட்டுக் குழுவின் ஆய்வைக் கடந்து, 1976இல்தான் சட்டமாயிற்று. குழு அமைந்த நாளிலிருந்து பதினோர் ஆண்டுகள்! 1976 நவம்பர் 19 முதல் அச்சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. சமரசத்துக்கு இடமில்லாது போயிற்று. குறைந்தது ஒரு மாதச் சிறைத் தண்டனையும் அபராதமும் கட்டாயமாயின. சட்டத்தின் செயற்பாட்டைப் பற்றி மத்திய அரசு ஆண்டுதோறும் இரு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது.

ஒப்புதலுக்குப் பின்

கிணற்றைத் தடுப்பவரைத் தண்டிக்கும் சட்டம், குடிசையைக் கொளுத்துவோரை என் செய்யும்? 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் 44 பேர் எரியுண்டு மாண்டனர். 1977இல் பீகாரின் பெல்ச்சியிலும் படுகொலை நிகழ்ந்தது. இத்தகைய கொடுமைகள் தொடர்ந்த பின்னரே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1989 செப்டம்பர் 11ஆம் நாள் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயின் அதன் விதிமுறைகள் 1995 மார்ச்சு 31 அன்றுதான் வெளியாயின. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்தல் வேண்டும், பாதிக்கப்பட்டோர்க்கு இன்ன அளவு நிவாரணம், மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுதல் என்பன யாவும் அவ்விதிமுறைகளிலேயே உள்ளன. இவையின்றி ஐந்தாண்டுகள் சட்டம் நடந்தது.

மலம் அள்ளும் இழிதொழிலைத் தடை செய்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. துப்புரவு மாநிலப் பொருள் என்பதால், ஆறு மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்று அஃது இயற்றப்பட்டது. மற்ற மாநிலங்கள் தாமே ஏற்றால்தான் அங்குச் செல்லும். 1993 ஜூனில் ஒப்புதல் பெற்ற அச்சட்டம் 1997 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களின் இசைவை எதிர்பாராத புதிய சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, டாக்டர் அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது.

இயந்திரம் விரைந்து இயங்கிய நேரமும் உண்டு. 2018 மார்ச்சு 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யுமுன் அனுமதியும் முன்விசாரணையும் வேண்டும் என்றது. ஏப்ரல் 2ஆம் நாள் நாடெங்கும் நம் மக்கள் தெருவில் இறங்கினர்; உயிர்களும் பலியாயின. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே இரு அவைகளும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றின. 2020 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றமும் அதனைச் செல்லுமென ஏற்றது. 1972ஆம் ஆண்டு மசோதா நான்கு ஆண்டுகளில் கடந்த வழியை இது சில நாட்களில் கடந்தது. வழி ஒன்றே; வெளியே நின்று வலியுறுத்தியோரின் வலிமையே வேறுபட்டது.

நமது கடமை

ஆகவே நம் இளைஞர்கள், சட்டம் வந்துவிட்டது என்ற செய்தியோடு மனநிறைவு கொள்ளலாகாது. மசோதா எந்தக் கட்டத்தில் உள்ளது, எக்குழுவிடம் உள்ளது, கருத்துரை கேட்கப்பட்டதா, நடைமுறைக்கு வரும் நாள் அரசிதழில் வெளியாயிற்றா, விதிமுறைகள் வந்தனவா, ஆண்டறிக்கை அவையில் வைக்கப்பட்டதா, நம் மாவட்டக் குழு கூடிற்றா என அடுத்தடுத்து வினவுதல் வேண்டும். மக்களவை கலைந்தால், அங்கே நிலுவையிலுள்ள மசோதா காலாவதியாகும் என்பதையும் மறத்தலாகாது; காலம் கடத்துவோர்க்கு அதுவே துணை.

இவ்வினாக்களை எழுப்பச் சட்டக் கல்லூரியில் பயில வேண்டுமென்பதில்லை. எழுத்தறிவும், அரசிதழைப் படிக்கும் பொறுமையும், எழுதிக் கேட்கும் துணிவும் போதும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் ஊட்டிவரும் கல்வி அப்பணிக்கும் பயன்படுமாயின், சட்டம் வந்த நாளுக்கும் அதன் பயன் நம் தெருவுக்கு வரும் நாளுக்கும் உள்ள தொலைவு நிச்சயம் குறையும்.