கடைசி வாங்குக்கும் போய்ச் சேரும் விரிவுரை
வன்னிப் பல்கலைக்கழக வகுப்புகளில் பெருந்தொகை மாணவருக்குக் கற்பிப்பது எப்படி?

2009 மே மாதம் போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பிள்ளைகள் கூடாரங்களுக்குள் இருந்து படித்தார்கள். அந்த ஓகஸ்டில் க.பொ.த உயர்தரப் பரீட்சையைக்கூட மாணவர்கள் முகாமில் இருந்தே எழுதினார்கள். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அங்கே முதலாம் வகுப்பில் 'அ' எழுதிய பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. அவர்களிற் சிலர் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த மண்டபங்கள் பெரும்பாலும் நிரம்பி வழிகின்றன. நூறு, இருநூறு பேருக்கு ஒரு விரிவுரையாளர், ஓர் ஒலிவாங்கி, ஒரு திரை. அத்தனை தடைகளையும் தாண்டி வந்த பிள்ளை, இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் பின்தங்கிவிடக் கூடாது. அதற்கு விரிவுரையாளர் என்ன செய்யலாம், மாணவர் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரை.

வன்னியில் உயர்கல்வி

வவுனியாவில் 1991 இல் தொடங்கிய வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக உயர்ந்தது. 2021 ஓகஸ்ட் 1 முதல் அது தனியான வவுனியாப் பல்கலைக்கழகம். மன்னார் வீதியில் பம்பைமடுவில் அமைந்துள்ள இதில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள் உள்ளன.

கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, ஏ9 வீதியோரமாக அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போருக்குப் பிறகே ஊர் திரும்பியது. மக்களைப் போலவே பீடமும் மூட்டை முடிச்சோடு அலைந்தது.

வகுப்புகள் ஏன் பெருக்கின்றன?

முதற் காரணம் அனுமதி. 2019 இல் பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் உயர்தரப் பரீட்சை நடந்ததால், அந்த அணிக்கு நாடு முழுவதும் ஏறத்தாழ 10,000 இடங்கள் கூடுதலாக வழங்கப்பட்டன. மண்டபங்களோ விரிவுரையாளர்களோ அதே வேகத்தில் பெருகவில்லை. அடுத்தது 2022 இன் பொருளாதார நெருக்கடி. விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். மேற்படிப்புக்குச் சென்ற சிலர் திரும்பவில்லை. இருப்பவர்கள் இரண்டு பேரின் பாடங்களைச் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

மௌனத்தின் காரணங்கள்

பெரிய வகுப்பில் 'விளங்குதா?' என்று கேட்டால் பதில் வராது. விரிவுரையாளர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். வன்னி வகுப்புகளில் இந்த மௌனத்துக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, மொழி. உயர்தரம் வரை தமிழில் படித்தவர் இங்கே ஆங்கிலத்தில் கேட்கிறார். 'இடை', 'இடையம்' என்று படித்ததைத்தான் விரிவுரையாளர் 'மீன்', 'மீடியன்' என்கிறார் என்று பிடிபடுவதற்குள் வகுப்பு பத்து நிமிடம் நகர்ந்துவிடுகிறது. தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவருக்கும் இதே கதைதான். ஒரே மண்டபத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் அவர்களிற் பெரும்பாலானோருக்கு இரவல் மொழி.

இரண்டு, கூச்சம். இருநூறு பேர் முன்னால் பிழையான ஆங்கிலத்தில் கேள்வி கேட்க யாருக்கும் தைரியம் வராது.

மூன்று, இடைவெளி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. கணித ஆசிரியரோ ஆய்வுகூடமோ இல்லாத பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளை வரலாம். அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது எது என்பதை விரிவுரையாளர் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆய்வுகள் காட்டுவது

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மஸுர், தன் மாணவர்கள் கணக்குகளைச் சரியாகச் செய்தும் அடிப்படைக் கருத்து விளங்காமல் இருப்பதைக் கண்டார். 1991 முதல் அவர் விரிவுரையின் நடுவே கேள்வி ஒன்றைக் கொடுத்து, மாணவர்களையே பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கப்படுத்த வைத்தார். பெரிய வகுப்புகளில் இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறைகளுள் இது ஒன்று.

2014 இல் ஸ்கொட் ஃப்ரீமனும் சகாக்களும் விஞ்ஞான, பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் ஏறத்தாழ 34 வீதமானோர் சித்தியடையவில்லை. மாணவர் பங்கெடுத்துக் கற்ற வகுப்புகளில் அது 22 வீதம். 2020 இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, வாய்ப்புக் குறைந்த சமூகங்களின் மாணவருக்கும் மற்றவருக்கும் இடையே பரீட்சைப் புள்ளிகளில் இருந்த இடைவெளி இத்தகைய வகுப்புகளில் 33 வீதம் குறைந்ததைக் காட்டியது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி மாணவரின் வேலைக்கு ஒதுக்கப்பட்ட இடங்களிலேயே இந்தப் பலன் கிடைத்தது.

ஆக, விரிவுரை மட்டும் நடக்கும் வகுப்பில் அதிகம் இழப்பவர் வாய்ப்புக் குறைந்த மாணவர். வன்னிக்கு இந்த முடிவு மிக நெருக்கமானது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முதல் வாரமே குழு பிரியுங்கள். இருநூறு பேரை ஐந்து பேர் கொண்ட நாற்பது குழுக்களாக்கலாம். நண்பர்களாகச் சேர விட்டால் ஊரும் மொழியும் பார்த்தே சேருவார்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து கலந்து பிரிப்பது நல்லது. தமிழ் பேசுவோர் குறைந்தது இருவர், சிங்களம் பேசுவோர் இருந்தால் அவர்களும் குறைந்தது இருவர் ஒரு குழுவில் இருக்கட்டும். தனித்த ஒருவர் அங்கேயும் மௌனமாகிவிடுவார். தவணை முழுவதும் அதே குழு, அதே இடம். ஒருவர் வராவிட்டால் மற்ற நால்வருக்கும் தெரியும்.

ஒரு கேள்வி, இரண்டு வாக்கெடுப்பு. பதினைந்து இருபது நிமிட விளக்கத்துக்குப் பின் ஒரு கேள்வி கொடுங்கள். உதாரணமாக, ஒரு கிராமத்தில் பத்துக் குடும்பங்கள். ஒன்பது குடும்பங்களுக்குத் தலா 2 ஏக்கர் வயல், ஒரு குடும்பத்துக்கு 82 ஏக்கர். 'சராசரிக் காணி 10 ஏக்கர், ஆகவே இங்கே நிவாரணம் தேவையில்லை' என்று ஓர் அறிக்கை சொல்கிறது. இந்தக் கிராமத்தைச் சரியாகக் காட்டும் எண் இடையா, இடையமா? ஒரு நிமிடம் தனியே யோசிக்கட்டும். கையை உயர்த்தியோ நிற அட்டை காட்டியோ வாக்களிக்கட்டும். சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 வீதத்துக்குள் இருந்தால், மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க விட்டு, மீண்டும் வாக்கெடுங்கள். அதற்குக் கீழே என்றால் நீங்களே மறுபடி விளக்க வேண்டும். மேலே என்றால் அடுத்த பகுதிக்குப் போகலாம். இதற்கு இணையமும் வேண்டாம், கைத்தொலைபேசியும் வேண்டாம். மின்சாரம் போனாலும் வகுப்பு நடக்கும். இடையம் 2 ஏக்கர் என்று கண்டுபிடித்த மாணவி அந்த விடையை மறக்கமாட்டாள். அது அவளுடைய ஊரின் கணக்காகவும் இருக்கலாம்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன்தான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் றோ கண்டார். மூன்று செக்கனாக நீட்டியபோது கூடுதலானோர் பதில் சொன்னார்கள், பதில்களும் நீண்டன. அது பள்ளி வகுப்புகளில் செய்த ஆய்வு. மனதுக்குள் மொழிபெயர்த்துவிட்டு வாய் திறக்கும் எங்கள் மாணவருக்கு இன்னும் கூடுதலான நேரம் வேண்டும்.

குழுவுக்குள் தாய்மொழியை அனுமதியுங்கள். யோசிப்பதும் வாதிடுவதும் தமிழிலோ சிங்களத்திலோ நடக்கட்டும். முடிவை ஆங்கிலத்தில் ஒரு வசனமாக எழுதித் தரட்டும். ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் பத்துப் பதினைந்து கலைச்சொற்களை மும்மொழியிலும் ஒரே தாளில் கொடுக்கலாம். அந்தப் பட்டியலை மாணவர்களே தயாரிக்கலாம்.

கடைசி மூன்று நிமிடம் எழுத விடுங்கள். 'இன்று படித்ததில் முக்கியமானது எது? விளங்காமல் இருப்பது எது?' என்ற இரு கேள்விகளுக்குப் பெயரில்லாமல் துண்டுத் தாளில் எழுதட்டும். இருநூறையும் வாசிக்க வேண்டாம். முப்பதை எடுத்தால் போதும். அடுத்த வகுப்பை 'உங்களிற் பலருக்கு இது விளங்கவில்லை' என்று தொடங்கினால், கேட்டதற்குப் பதில் வரும் என்ற நம்பிக்கை பிறக்கும்.

திருத்தும் சுமையைக் கணக்குப் பாருங்கள். இருநூறு ஒப்படைகளுக்குத் தலா ஐந்து நிமிடம் என்றாலே 16 மணித்தியாலத்துக்கு மேல். குழு ஒப்படையானால் நாற்பதுதான். தனியாள் ஒப்படையானால், ஒரு பக்கப் புள்ளித்திட்டத்தை முன்கூட்டியே கொடுத்துக் குழுவுக்குள் ஒருவர் மற்றவரதைப் பார்க்க வைக்கலாம். பொதுவான ஐந்து பிழைகளை வகுப்பில் பேசினால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

குப்பியை மதியுங்கள்

பரீட்சைக்கு முன் விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் 'குப்பி' இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் உண்டு. பெயரே குப்பி விளக்கை நினைவூட்டுகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு அந்த வெளிச்சம் தெரியும்.

1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் தோற்கிறார்கள் என்று யூரி ட்றீஸ்மன் தேடினார். அவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனித்தனியே படித்தார்கள். சித்தியடைந்த சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள். அவர் கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யும் பயிலரங்குகளைத் தொடங்கினார். பெறுபேறுகள் வெகுவாக உயர்ந்தன. எங்கள் குப்பி இதன் உறவுதான். பரீட்சைக்கு முதல் வாரம் நடப்பதைத் தவணையின் மூன்றாம் வாரமே தொடங்க வைத்து, ஒரு வகுப்பறையும் நல்ல கணக்குகளும் கொடுப்பது பீடங்களுக்குப் பெரிய செலவில்லை.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம். விரிவுரை மண்டபத்தில் கழிவது வழக்கமாக 45 மணித்தியாலம்தான். மிச்ச நேரத்தில் மாணவர் தனித்து விடப்படுகிறாரா, கூட்டாகப் படிக்கிறாரா என்பதே பெறுபேற்றைத் தீர்மானிக்கும்.

கேட்கக் கூடாத கேள்வி

முதல் நாள் அறிமுகத்தில் 'அப்பா என்ன செய்கிறார்?' என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கும் வழக்கம் உண்டு. வன்னி வகுப்பில் அதற்குப் பதில் சொல்ல முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். தகப்பன் இறந்தாரா, காணாமல் ஆக்கப்பட்டாரா என்பதைக்கூடச் சொல்லத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஊரையும் பிடித்த பாடத்தையும் கேளுங்கள், போதும். 'சிறு வயது நினைவு' என்று கட்டாயக் கட்டுரை கொடுக்க வேண்டாம், வேறு தலைப்பும் கொடுங்கள். மே 18 அன்று வகுப்புப் பரீட்சை வைக்காமல் இருக்கலாம். முல்லைத்தீவுக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பார்த்துக் குழு வேலையை ஒதுக்குங்கள். வகுப்பு எவ்வளவு பெரிதானாலும் இவற்றுக்குச் செலவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விளங்காதது உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் விளங்கியிருக்காது. அந்த இடத்திலிருந்து இருவருமாகத் தொடங்குங்கள்.