கர்க்கதேயும் பாதரசமும்

நம் புளிச்சக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் செந்நிறப் புல்லிவட்டங்களை உலர்த்தி, நீரில் கொதிக்கவிட்டு எடுக்கும் கர்க்கதே, எகிப்திலும் சூடானிலும் விருந்தினரை வரவேற்கும் பானம். இரத்த அழுத்தத்தை அது தணிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை.

நம்பிக்கையைச் சோதிக்க அளவுகோல் வேண்டும். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கைப்பட்டையும் பாதரசமும் கொண்ட கருவியை அமைத்தபின் அழுத்தம் எளிதில் அளக்கத்தக்க எண்ணாயிற்று.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 65 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 3 கோப்பை வீதம் 6 வாரம் இப்பானத்தை அருந்தியோருக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 அலகு குறைந்தது; போலிப்பானம் அருந்தியோருக்கு 1 அலகே. ஆனால் அவர்கள் சற்றே உயர்ந்த அழுத்தமுடையோர். அதற்கென மருந்து உண்ணாதோர். மாத்திரையைக் கைவிட்டுக் கோப்பையை ஏந்துவோருக்கு இவ்வாய்வு சான்றாகாது. மருத்துவர் அறிய அருந்தின் துணை; மாற்றெனக் கொள்ளின் கேடு.