டாப் பாக்ஸுக்கு அடியில் இருக்கும் வரலாறு

நெடும்பயணம் போகும் பைக்கின் பின்னால் டாப் பாக்ஸைக் கண்டால் எல்லோரும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை லிட்டர் கொள்ளும், இரண்டு ஹெல்மெட் அடங்குமா, மழைத் தண்ணீர் உள்ளே இறங்குமா என்பவை வழக்கமான கேள்விகள். பெட்டியைத் தாங்கும் பேஸ் பிளேட்டைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் இந்தச் சாமானின் வரலாற்றைத் திருப்பிப் போட்டது அந்தப் பிளேட்தான் என்பது என் கருத்து. அது வந்த பிறகுதான் ஒரே பெட்டியை வெவ்வேறு பைக்குகளில் மாட்டவும் கழற்றவும் முடிந்தது. அதோடு இன்னொன்றும் கை மாறியது. பாரத்தை எங்கே, எவ்வளவு வைப்பது என்ற பொறுப்பு பைக்கை வடிவமைத்தவரிடமிருந்து பெட்டியைப் பொருத்துபவரிடமும் ஓட்டுபவரிடமும் வந்து சேர்ந்தது.

தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் பயணியிடம் இருந்தவை கேரியர், தோல்பை, வார் ஆகியவைதான். குடும்பமும் மூட்டைமுடிச்சும் போக வேண்டுமென்றால் சைடுகார் இருந்தது. இங்கிலாந்தில் 1959இல் மினி போன்ற மலிவான கார்கள் வந்து சைடுகாரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தனி பைக்கில் போகிறவர் தன் சாமானைப் பைக்கிலேயே ஏற்றியாக வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், கென் கிராவன் என்ற ஆங்கிலேயர் பயணிகளுக்கென்றே பெட்டிகள் செய்து விற்கத் தொடங்கியிருந்தார். கண்ணாடி இழையில் வார்த்த அவருடைய பெட்டிகள் நனையவில்லை, பூட்டவும் முடிந்தது. அதே காலத்தில்தான், 1955இல், சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. அந்தப் புல்லட்டின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் தகரப் பெட்டிகளைத் தொங்கவிடும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றியது. பாரம் தாழ்வாக, சக்கரத்தை ஒட்டியே இருந்ததால் அது நல்ல வழக்கம். ஆனால் இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவற்றில் பெட்டி ஒருமுறை முடுக்கப்பட்டால் பைக்கோடுதான் இருக்கும். இரவு தங்கும் இடத்தில் சாமானை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும்.

1970களிலிருந்து இதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஜெர்மனியில் மைக்கேல் கிரவுசர் பி.எம்.டபிள்யூ. பைக்குகளுக்குக் கழற்றி எடுத்துப் போகும் பக்கவாட்டுப் பெட்டிகளைப் பரப்பினார். கழற்றும் வசதிக்கான பெருமையில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இத்தாலியின் பிரெஷ்ஷா பகுதியில், பந்தய வீரராக இருந்து ஓய்வுபெற்ற ஜூசெப்பே விசென்ஸி 1978இல் கிவி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் வளர்த்தெடுத்த முறை வேலையை மூன்றாகப் பிரித்தது: ஒவ்வொரு பைக் மாடலுக்கும் தனித்தனி கம்பிச் சட்டம், அதன்மேல் பொதுவான பிளேட், பிளேட்டில் பூட்டிக்கொள்ளும் பெட்டி. பைக்கை மாற்றினால் சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். பெட்டி வேண்டாத நாளில் பைக் வெறும் பைக்காக ஓடும். நெடும்பயண பைக்குக்கென்று பிறந்த இந்த ஏற்பாடு தென்கிழக்கு ஆசியாவின் 100, 150 சிசி வண்டிகள்வரை இறங்கி வந்ததற்கு இந்தப் பிரிப்பே காரணம்.

ஹோண்டாவை மறந்துவிட்டாயே என்று ஒருவர் கேட்கலாம். 1980இல் வந்த கோல்ட் விங் ஜி.எல். 1100 இன்டர்ஸ்டேட், காற்றுத்தடுப்பும் பக்கப் பெட்டிகளும் பின்பெட்டியும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. அப்படியானால் வரலாற்றின் உச்சம் அதுவல்லவா? என் வாதத்துக்கு வலு சேர்ப்பதே அந்த பைக்தான். அதில் பெட்டி ஏறும் என்பது முதலிலேயே தெரிந்த கணக்கு; 300 கிலோவைத் தாண்டிய எடை, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சஸ்பென்ஷன் என வண்டி முழுவதும் அதற்கு ஏற்ப அமைந்தது. பிளேட் முறையில் அந்தக் கணக்கைப் போட்டு வைக்க யாரும் இல்லை. அதனால்தான் பெட்டியின் உள்மூடியிலோ கையேட்டிலோ ஒரு எச்சரிக்கை இருக்கிறது: பல தயாரிப்பாளர்கள் 10 கிலோவுக்கு மேல் ஏற்றாதே, 120 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்கிறார்கள். ஐம்பது லிட்டர் இடத்தைக் கொடுத்துவிட்டு 10 கிலோதான் என்பதைப் பலர் தயாரிப்பாளரின் முன்ஜாமீன் என்றே நினைக்கிறார்கள்.

அறுபது கிலோ ஆளைப் பின்னால் உட்கார வைத்துப் போகும் வண்டிக்குப் பதினைந்து கிலோ பெட்டி ஒரு பாரமா என்பதே அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான், விடை எடையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பின்னால் உட்காருபவர் பெரும்பாலான பைக்குகளில் பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருக்கிறார். டாப் பாக்ஸ் அச்சைத் தாண்டிப் பின்னால் நிற்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1400 மில்லிமீட்டர், பெட்டியின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 350 மில்லிமீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ ஏற்றினால் பின்சக்கரத்தில் 12.5 கிலோ கூடும், முன்சக்கரத்தில் 2.5 கிலோ குறையும். எடை கூடக்கூட ஹேண்டில்பார் இலேசாகும். பைக்கின் ஆட்டங்களைச் சமன்பாடுகளில் பிரித்துக் காட்டிய ராபின் ஷார்ப்பின் 1971ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகு இது அனுபவப் பேச்சு மட்டுமில்லை. வேகத்தில் பின்பாகம் மெதுவாக இடமும் வலமும் அலையும் ஆட்டம், பின்னால் தொங்கும் பாரத்தால் மோசமாகும். மனித உடல் இருக்கையில் நெகிழ்ந்து உட்கார்ந்து அந்த அலைச்சலில் ஒரு பங்கை விழுங்கிவிடும்; போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி விழுங்காது.

பெட்டியைப் பொருத்தும் வேலையை அருகிருந்து பார்த்தால் இந்தப் பொறுப்பு எவ்வளவு சிறிய இடங்களில் தங்கியிருக்கிறது என்பது தெரியும். இருக்கைக்குப் பின்னால் உள்ள கைப்பிடியைக் கழற்றி, அதன் துளைகளிலேயே சட்டத்தை வைத்து, இடைவெளிக்குப் புஷ் கொடுத்து நீள போல்ட் போடுகிறார்கள். நான்கு போல்ட்டையும் விரலால் சுற்றிவிட்டு, சட்டம் நேராக உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். முதல் போல்ட்டையே இறுக்கினால் நான்காவது துளை விலகி நிற்கும், அதை நெம்பிப் போட்டால் சட்டம் முறுக்கத்தோடேயே ஓடும். பிறகு பெட்டியின் முன் கொக்கிகளைப் பிளேட்டின் நாக்குகளுக்குள் செருகி, பின்பக்கத்தை அமுக்கினால் 'டக்'கென்று பூட்டு விழும். அந்தச் சத்தம் கேட்டதும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். மேடு பள்ளத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி சரிபார்ப்பதும் அதே வேலையின் பாதிதான்.

அப்படியானால் டாப் பாக்ஸே வேண்டாம், பழைய பக்கப் பெட்டிகளே போதும் என்று சொல்லலாமா? பாரமான கருவிகளும் தண்ணீரும் தாழ்வான பக்கப் பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நெரிசலான தெருவில் பக்கப் பெட்டி பைக்கின் அகலத்தைக் கூட்டும். ஹெல்மெட், மழைக்கோட்டு, துணி போன்ற இலேசான, இடமடைக்கும் சாமான்களுக்கு டாப் பாக்ஸைப் போல வசதி வேறில்லை. இந்தியாவில் 2020இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதி, பைக்கில் வைக்கும் பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரம் தாண்டக் கூடாது என்கிறது. பின் இருக்கையின் இடத்தில் வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம் என்றும் சொல்கிறது. சட்டம் அளவையும் இடத்தையும் பார்த்துக்கொள்கிறது. உள்ளே என்ன ஏற்றுகிறோம், போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். எந்தப் பைக்கையும் பயண வண்டியாக மாற்றும் சுதந்திரத்தைப் பிளேட் நமக்குத் தந்திருக்கிறது. அந்த 10 கிலோ எச்சரிக்கையை மதிப்பதுதான் அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை.