ஒருவர் பெயரில் பல்லாயிரம் பேரின் வழக்கு

அமெரிக்காவில் விவசாயக் கடன் யாருக்கு என்பதை வேளாண் துறையின் உள்ளூர்க் கமிட்டிகள்தான் முடிவு செய்தன. கமிட்டிக்காரர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கறுப்பின விவசாயியின் மனு மாதக்கணக்கில் கிடக்கும். விதைப்புக் காலம் போன பிறகு பணம் வரும், அல்லது வரவே வராது. கடைசியில் நிலம் ஏலத்துக்குப் போகும். புகார் எழுதலாம்தான். ஆனால் புகாரை விசாரிக்க வேண்டிய குடிமை உரிமைப் பிரிவை ரீகன் ஆட்சி 1983இலேயே கலைத்துவிட்டது.

1996 டிசம்பரில் விவசாயிகள் வெள்ளை மாளிகை முன் திரண்டார்கள். 1997இல் வட கரோலினாவின் திமோதி பிக்ஃபோர்டும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். அதுதான் கிளாஸ் ஆக்‌ஷன். இதை நம்மூர் பொதுநல வழக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பொதுநல வழக்கைப் பாதிக்கப்படாதவரும் போடலாம். இங்கே வழக்காளியும் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும்; அவருடைய பிரச்சினையும் மற்றவர்களின் பிரச்சினையும் ஒன்றே என்று நீதிமன்றம் ஏற்க வேண்டும். ஏற்றுவிட்டால், நீதிமன்றப் படியேறாதவரையும் முடிவு கட்டுப்படுத்தும்.

ஒரு முட்டுக்கட்டை இருந்தது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது அப்போதைய சட்டம். 1981 முதல் 1996 வரை நடந்த பாகுபாட்டுப் புகார்களுக்கு அந்தக் காலவரம்பை 1998இல் நாடாளுமன்றம் தளர்த்தியது. தெருவில் நிற்காமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

1999 ஏப்ரலில் நீதிபதி பால் ஃப்ரீட்மன் சமரச உடன்பாட்டை ஏற்றார். குறைந்த ஆதாரம் காட்டினாலே 50,000 டாலரும் கடன் தள்ளுபடியும். ஆனால் அதே நிலைமையில் இருந்து, தன்னைவிட நல்லபடியாக நடத்தப்பட்ட ஒரு வெள்ளை விவசாயியைச் சுட்டிக்காட்ட வேண்டும். பக்கத்துக்காரன் வாங்கிய கடன் விவரம் இவருக்கு எப்படித் தெரியும்? கோப்பு இருப்பதோ பாகுபாடு காட்டிய அதே அலுவலகத்தில்! இத்தனையையும் தாண்டிச் சுமார் 15,600 பேர் வென்றார்கள். நடந்த அநியாயம் எல்லாவற்றையும் இந்த உடன்பாடு சரிசெய்துவிடாது என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார்.

தாமதமாக மனு செய்தவர்கள் 60,000க்கும் மேல். பெரும்பாலும் தள்ளப்பட்டார்கள். ஏற்கெனவே வழக்கின் வரம்புக்குள் வந்துவிட்டதால் தனியாக வழக்குப் போடவும் வழியில்லை. உடன்பாட்டைப் பற்றிய செய்தி ஊர் ஊராகச் சேராததற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தான். 2010இல்தான் 125 கோடி டாலர் இரண்டாம் உடன்பாட்டுக்கு ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அதற்குள் பலர் செத்துப்போயிருந்தார்கள். அவர்கள் சார்பில் வாரிசுகள் படிவம் நிரப்பினார்கள்.