பாண்டு மொழிகளுக்கு இலக்கணம் கண்ட வரலாறு

1659-ஆம் ஆண்டு ரோமாபுரியில் அச்சேறிய ஒரு சிறு லத்தீன் வியாகரணம், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த காங்கோ ராஜ்யத்தாரின் மொழியை எளிதிற் கற்பிக்கும் பொருட்டுக் கப்பூச்சின் சபைத் துறவி ஜியாச்சிந்தோ புருஷொட்டோ என்பவரால் இயற்றப்பட்டது. லத்தீனில் ஊறிய பண்டிதர் எந்த மொழியைக் கண்டாலும் முதலிற் சொல்லின் ஈற்றையே நோக்குவது வழக்கமாயிருந்த அக்காலத்தில், பெயர்களை வகைப்படுத்தும் உறுப்பு காங்கோ மொழியிற் சொல்லின் முதலில் நிற்கிறதென்பதையும், அதற்கு இசையவே வாக்கியத்தின் பிற சொற்களும் தம் முதலை மாற்றிக்கொள்கின்றன என்பதையும் அத்துறவியார் கண்டு எழுதிவைத்தார்.

1834-இல் கோசா மொழிக்கு இலக்கணம் வகுத்த வில்லியம் பாய்ஸ் பாதிரியாரும் இவ்விசைவைக் கண்டாரெனினும், செவிக்கினிமை கருதிய ஒலியொப்பு என்றே அதற்குப் பெயரிட்டார். காரணம் புலப்படாத இடங்களில் இலக்கணக்காரர் ஒதுங்கும் பழைய சத்திரமல்லவா ஓசைநயம்!

பெர்லினிற் பிறந்து, 1855-இல் நேட்டாலுக்கு வந்து, பின்னர் கேப் டவுனில் ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் நூலகத்தைப் பேணிய வில்ஹெல்ம் பிளீக் என்பவரே இம்முன்னொட்டுகளுக்கு வரிசையெண் கொடுத்து, மொழிக்கு மொழி ஒப்பிட்டு, 1862-இலும் 1869-இலும் இரு பகுதிகளாக ஓர் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். ஜூலு மொழியில் 'உமுண்டு' என்பது மனிதன். 'அபாண்டு' என்பது மனிதர். இச்சொல்லினின்றே அவர் அம்மொழிக் குடும்பத்துக்குப் 'பாண்டு' என நாமகரணம் செய்தார். நைஜீரியாவும் கேமரூனும் சந்திக்கும் எல்லைப்புறத்திலிருந்து 4000, 5000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பரவத் தொடங்கி, இன்று ஏறத்தாழ 500 மொழிகளாய்க் கிளைத்திருப்பது அக்குடும்பம்.

முன்னொட்டின் ஆட்சி எத்துணை வலியதென்பதற்கு ஸ்வாஹிலியே சாட்சி. அரபு வணிகரிடமிருந்து வந்த 'கித்தாபு' என்னும் சொல்லின் முதலசை, பொருள்களைக் குறிக்கும் 'கி' என்ற முன்னொட்டைப் போல் ஒலித்ததால், அம்மக்கள் அதனைத் தம் சொல்லாகவே கொண்டு, பன்மையில் 'வித்தாபு' என்றனர்; அரபு இலக்கணம் அறியாத ஒரு பன்மை அது! சாலைச் சந்திகளிற் கண்ட 'கீப் லெஃப்ட்' என்ற ஆங்கிலப் பலகைக்கும் அதே கதிதான்: வட்டச்சந்தி ஒன்றானால் 'கிப்லெஃப்டி', பலவானால் 'விப்லெஃப்டி'.

ஸ்வாஹிலியின் வினைச்சொல்லோ இன்னும் விசித்திரமானது. 'அலினிபிகா' என்ற ஒரே சொல்லில், 'அவன்' என்பதற்கு 'அ', இறந்தகாலத்துக்கு 'லி', 'என்னை' என்பதற்கு 'நி', அடித்தலுக்குப் 'பிகா' என நான்கு உறுப்புகள் வரிசை பிறழாமல் நிற்கின்றன. பலமுறை அடித்தான் எனச் சொல்ல வேண்டின் 'அலினிபிகாபிகா' என்பர். இரட்டிப்பது அடிச்சொல் மட்டுமே. முன்னின்ற மூன்றும் இருந்தபடியே இருக்கும்.

இவ்விரட்டிப்பைக் கண்டு மேல்நாட்டறிஞர் நகைத்த காலமும் உண்டு. ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர், 1870-இல் வெளியிட்ட 'நாகரிகத்தின் தோற்றம்' என்னும் கிரந்தத்தில், பல மொழிகளின் இரட்டைச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு, அவை மிகுந்திருப்பது குழந்தைப் பருவத்து மனத்தின் அடையாளம் என்று வாதித்தார். எண்ணினாரேயன்றி அவற்றின் விதியை ஆராய்ந்தாரல்லர். ஜூலுவில் 'ஹம்ப' என்றால் நடத்தல். 'ஹம்பஹம்ப' என்றால் சற்றே உலாவுதல். இரட்டித்தாற் பொருள் மிகவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்க்கு இங்கே அது குறைந்தே தோன்றும். அன்றியும், 'தெங்கிஸ', அதாவது விற்றல், போன்ற மூவசைச் சொல்லானால் அது முழுவதும் திரும்ப வருவதில்லை. முதலிரண்டு அசைகளே முன்னே வந்து, 'தெங்கிதெங்கிஸ' என நின்று, கொஞ்சம் விற்றலைக் குறிக்கும். இரண்டசைக்கு மேற்பட்ட அடிச்சொல் எதுவாயினும் அளவு அவ்விரண்டே.