'15 நாள் லீவுதான் மச்சி!' - லாக்டௌனில் முடங்கிய கல்லூரி மாணவர்களின் மனசுக்கு ஒரு கைடு

மார்ச் 17, 2020. தமிழகத்தில் கல்லூரிகளை மூடிய நாள். 'மாசக் கடைசி வரைக்கும்தான் மச்சி, வந்துடலாம்' என்று சொல்லிவிட்டு, ஹாஸ்டல் கொடியில் பாதித் துணியைக் காயவிட்டபடியே இரண்டு செட் டிரஸ்ஸோடு பஸ் ஏறினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரம் முடிந்து அடுத்த வாரமே நாடு முழுக்க ஊரடங்கு. 2020 ஆகஸ்டும் வந்துவிட்டது. துணி அப்போதும் அந்தக் கொடியில்தான் இருந்தது. நீங்கள் வீட்டு மொட்டைமாடியில், சிக்னல் தேடிக்கொண்டு!

'வீட்லதானே இருக்க, சாப்பாடு கிடைக்குது, உனக்கு என்ன கவலை?' என்று எல்லோரும் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால், மனசு மட்டும் கனமாகவே இருந்தது. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை.

ஏன் இந்தத் தவிப்பு?

கல்லூரி என்பது பாடம் மட்டுமல்ல. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, கேன்டீன் டீ, கடைசி பெஞ்ச் கலாட்டா, ஹாஸ்டலில் நடுராத்திரி வரை நீளும் கதை... இவையெல்லாம் நமக்கே தெரியாமல் மன அழுத்தத்தை இறக்கிவைத்த இடங்கள். ஒரே நாளில் அத்தனையும் நின்றுபோனால் மனசு தடுமாறத்தான் செய்யும். ஒருவரை இழந்தால் வருவது மட்டும் துக்கம் இல்லை. பழகிய வாழ்க்கையை இழந்தாலும் அது வரும்.

அடுத்தது, நிச்சயமின்மை. 2020 ஜூலை 23 அன்று மற்ற ஆண்டு மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வு ரத்து என்று அப்போதைய முதல்வர் அறிவித்தார். அவர்களுக்கு நிம்மதிதான். ஆனால், இறுதியாண்டுக்காரர்களுக்கு செப்டம்பருக்குள் தேர்வை முடிக்க வேண்டும் என்றது யு.ஜி.சி. எக்ஸாம் எப்படி நடக்கும், கேம்பஸில் கிடைத்த ஆஃபர் கைக்கு வருமா, அரியர் என்ன ஆகும்? கெட்ட செய்தியைக்கூட ஜீரணித்துவிடும் மனசு, 'தெரியாது' என்ற பதிலோடு மாதக்கணக்கில் வாழச் சிரமப்படும்.

வீட்டு நிலைமை இன்னொரு பக்கம். அப்பாவுக்கு வேலை இல்லை, ஒரே ஸ்மார்ட்போனில் தம்பிக்கும் கிளாஸ், உங்களுக்கும் கிளாஸ். பெண் பிள்ளைகள் என்றால், காதில் ஹெட்செட், கையில் கரண்டி! ஆன்லைன் வகுப்பு நடக்கும்போதே குக்கர் விசிலையும் எண்ண வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

1. எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: விடிய விடிய போன், மதியம் 12 மணிக்கு விழிப்பு... இதுதான் பலருக்கும் முதல் சிக்கல். தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பு வெளிச்சத்தைப் பொறுத்தது. ராத்திரி போன் வெளிச்சம் அதைத் தள்ளிப்போடும். தூங்கும் நேரத்தை உடனே மாற்ற முடியாது. ஆனால், தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, 15 நிமிடம் காலை வெயிலில் நில்லுங்கள். சில நாள்களில் தூக்கம் தானாக வழிக்கு வரும்.

2. நியூஸுக்கு நேரம் ஒதுக்குங்கள்: கொரோனா எண்ணிக்கையை மணிக்கொரு தரம் பார்ப்பதால் தொற்று குறையப்போவதில்லை, பயம்தான் ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டுகள் இந்தக் கணக்கில் சேராது!

3. ஒப்பிடாதீர்கள்: ஒருத்தர் ஆன்லைனில் பத்து கோர்ஸ் முடித்து சர்ட்டிஃபிகேட்டை ஸ்டேட்டஸ் வைப்பார். அதைப் பார்த்ததும் 'நாம வேஸ்ட்' என்று தோன்றும். இது போட்டி நடக்கும் காலம் இல்லை. இன்று ஒரு யூனிட் படித்தால் அதுவே போதும்.

4. மெசேஜைவிடக் குரல் நல்லது: குரூப்பில் நூறு மீம் அனுப்பினாலும் கிடைக்காத ஆறுதல், ஒரு நண்பனோடு பத்து நிமிடம் பேசினால் கிடைக்கும். 'நல்லாருக்கியா?' என்று கேட்டால் 'நல்லாருக்கேன்' என்றுதான் பதில் வரும். 'இன்னிக்கு எப்படிடா போச்சு?' என்று கேட்டுப் பாருங்கள்.

5. படபடப்பு வந்தால்: நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், நான்கு எண்ணும்வரை நிறுத்துங்கள், நான்கு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து முறை செய்தால் இதயத்துடிப்பு சீராவதை நீங்களே உணர்வீர்கள்.

பெற்றோர் கவனத்துக்கு...

'எப்பப் பாரு போனு' என்று திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். வகுப்பும் அதில்தான், நண்பர்களும் அதில்தான். கதவைச் சாத்திக்கொண்டால் உடனே தட்டாதீர்கள். அவர்களுக்கும் தனியாக இருக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் மார்க், வேலை பற்றிய பேச்சைத் தவிருங்கள். வீட்டில் பணக் கஷ்டம் இருந்தால் மறைக்காமல், பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். தெரியாமல் தவிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எப்போது உதவி தேவை?

சோர்வு வரும், போகும். ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தால், பிடித்த விஷயம்கூடப் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் தாறுமாறானால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

'நான் இல்லன்னா யாருக்கு என்ன?' என்று நண்பர் ஒருவர் சொன்னாலோ, எழுதினாலோ, விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். 'தற்கொலை எண்ணம் வருதா?' என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, மனதில் அடைத்து வைத்ததைக் கொட்ட ஒரு வழி கிடைக்கும். அறிவுரை வேண்டாம். கேளுங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டுப் பெரியவர் ஒருவருக்குச் சொல்லுங்கள். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. சத்தியத்தைவிட உயிர் பெரிது.

உடனே அழைக்க: தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. மாணவர்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலையில் தொடங்கிய மனோதர்பண்: 84484 40632.

இதைப் படித்து முடித்ததும், ரொம்ப நாளாக குரூப்பில் 'சீன்' மட்டும் காட்டிவிட்டு எதுவும் பேசாமல் இருக்கும் அந்த ஒரு நண்பருக்கு போன் போடுங்கள். பேச விஷயம் இல்லையா? 'ஹாஸ்டல் கொடியில உன் துணி என்ன ஆச்சு?' என்றே ஆரம்பிக்கலாமே!