இயங்குதளங்கள்: திறமூலமும் தனியுரிமமும்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் நடுவே நின்று, நினைவகத்தையும் கோப்புகளையும் வலையமைப்பையும் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளே இயங்குதளம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம் என்றால் அது திறமூல இயங்குதளம். இந்த உரிமைகளை உரிமையாளர் தம்மிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்தும் அனுமதியை மட்டும் வழங்கினால் அது தனியுரிம இயங்குதளம். லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் முதல் வகை. விண்டோஸும் மேக்ஓஎஸும் இரண்டாம் வகை. ஒருபக்கம் ரிச்சர்ட் ஸ்டால்மனும் லினஸ் டோர்வால்ட்ஸும், மறுபக்கம் பில் கேட்ஸும் ஸ்டீவ் ஜாப்ஸும் என்று இதை இரு முகாம்களின் போராகச் சொல்வது வழக்கம். கதை சொல்ல அது வசதிதான். ஆனால் நிரல் இந்த இரு முகாம்களுக்கும் இடையே தாராளமாகப் போய்வந்திருக்கிறது. முன்னோடிகள் விட்டுச்சென்றது யார் கையில், எந்த உருவில், எவ்வளவு காலம் நிலைத்தது என்பதை நிரலின் தரத்தைவிட அதனோடு ஒட்டியிருந்த உரிமமே தீர்மானித்தது என்பதற்கு வரலாற்றில் நிறையச் சான்றுகள் உண்டு.

யூனிக்ஸிலிருந்து தொடங்கலாம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் பெல் ஆய்வகத்தில், அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறு கணினியில் அதை எழுதத் தொடங்கினார்கள். 1973இல் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் அதைத் திருப்பி எழுதினார்கள்; ஒரே இயந்திரத்தோடு கட்டுண்டிராமல் வேறு இயந்திரங்களுக்கும் அது பெயர முடிந்தது அதனால்தான். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி, ஏகபோக வழக்கொன்றில் 1956இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்ய முடியாது. எனவே யூனிக்ஸைச் சரக்காகக் கடைவிரிக்க வழியில்லாமல், பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் மூல நிரலோடு சேர்த்தே கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் உள்மையமான கெர்னலுக்கு விரிவான விளக்கவுரை எழுதி அதை வகுப்புக்குப் பாடநூல் ஆக்கினார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமமோ மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்றது. லயன்ஸின் உரை அதன்பின் பல ஆண்டுகள் ஒளிநகலாகவே கைமாறியது. நூலாக வெளிப்படையாக அச்சேறியது 1996இல்தான். யூனிக்ஸை எழுதியவர்கள் அப்படியேதான் இருந்தார்கள்; உரிமத்தில் ஒரு விதி மாறியது, ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கதவு அடைபட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனன்பாம் 1987இல் மினிக்ஸ் என்ற கற்பித்தல் இயங்குதளத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். ஹெல்சிங்கி மாணவரான டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கியது மினிக்ஸ் ஓடிய கணினியில்.

தனியுரிமத் தரப்பின் முன்னோடியான கேட்ஸின் திறமையும் நிரலைவிட ஒப்பந்தத்தில்தான் அதிகம் வெளிப்பட்டது. ஐபிஎம் 1981இல் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த டாஸ் இயங்குதளம் அந்நிறுவனத்தில் பிறந்ததன்று. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதியதை விலைகொடுத்து வாங்கியது. அதைப் பிற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை ஐபிஎம்மிடம் விட்டுக்கொடுக்காததுதான் கேட்ஸின் கெட்டிக்காரத்தனம். ஐபிஎம் கணினிக்கு ஒத்த கணினி செய்ய நினைத்த நிறுவனங்களெல்லாம் பிறகு மைக்ரோசாஃப்டின் வாசலில் வந்து நின்றன. டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்பனைக்கு அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் பணம் கட்டும்படி தயாரிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தங்களை, 1994இல் அமெரிக்க நீதித்துறையோடு சமரசம் செய்துகொண்ட பிறகே அந்நிறுவனம் கைவிட்டது. ஆரம்பகால டாஸின் மூல நிரலை மைக்ரோசாஃப்டே 2018இல் எம்ஐடி என்ற தளர்வான திறமூல உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. இன்று எவரும் படிக்கலாம். அது வணிகப் பேரரசின் அடித்தளமாக இருந்த காலத்தில்தான் படிக்க முடியவில்லை.

யூனிக்ஸின் இன்னொரு கிளை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிஎஸ்டி என்ற பெயரில் வளர்ந்தது. இணையத்தின் அடித்தளமான டிசிபி/ஐபி நெறிமுறை பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஏடி அண்ட் டியின் நிரலை ஏறக்குறைய முழுவதும் களைந்த பதிப்பு 1991இல் வெளியாக, மறு ஆண்டே ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1994இல் சமரசம் ஆனபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்கச் சொன்னவை மூன்றே மூன்று. இதற்காக இரண்டு ஆண்டுகள் பிஎஸ்டியைத் தொடத் தொழில் நிறுவனங்கள் தயங்கின. அந்த நேரத்தில் லினக்ஸ் வேரூன்றிவிட்டது. பிஎஸ்டியின் ஒரு வடிவமான 386பிஎஸ்டி அன்று தம் கைக்குக் கிடைத்திருந்தால் லினக்ஸ் தோன்றியே இருக்காது என்ற கருத்தை டோர்வால்ட்ஸே பின்னர் சொல்லியிருக்கிறார். பிஎஸ்டி உரிமம் கேட்பது மிகச் சொற்பம்: பதிப்புரிமை அறிவிப்பை அழிக்காதீர்கள், எங்கள்மேல் பொறுப்பைச் சுமத்தாதீர்கள், அவ்வளவுதான். அதனால் பெரும்பயன் அடைந்தவர் ஜாப்ஸ். ஆப்பிளிலிருந்து வெளியேறி 1985இல் அவர் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம், மாக் கெர்னலையும் பிஎஸ்டியையும் இணைத்து இயங்குதளம் செய்தது. 1996 இறுதியில் நெக்ஸ்டை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸும் பிறகு ஐஃபோனின் இயங்குதளமும் அந்த வழியில் வந்தவை. ஆப்பிளின் மதில்களுக்குள் ஓடுவதில் ஒரு பெரும்பங்கு பொதுச்சொத்து.

பொது நிரல் இப்படி மூடப்படுவதையே ஸ்டால்மன் ஆபத்தாகக் கண்டார். யூனிக்ஸுக்கு ஒத்த முழுக் கட்டற்ற இயங்குதளமான குனு திட்டத்தை 1983இல் அறிவித்தவர், 1989இல் ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பை வெளியிட்டார். நிரலைத் திருத்தி வெளியே தருபவர் திருத்திய மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பலம் காகிதத்தோடு நிற்கவில்லை. குனுவின் சி நிரல்பெயர்ப்பியோடு நெக்ஸ்ட் சேர்த்த அப்ஜெக்டிவ்-சி பகுதியை மூடியே வைத்திருக்க ஜாப்ஸ் தரப்பு விரும்பியது. ஜிபிஎல் இடம் தராததால் அதன் மூல நிரலைத் திறக்க வேண்டியதாயிற்று. லினக்ஸையும் முதலில் வேறொரு உரிமத்தில், காசு வாங்கிக்கொண்டு விநியோகிக்கக் கூடாது என்ற தடையோடுதான் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். 1992 தொடக்கத்தில் ஜிபிஎல்லுக்கு மாற்றினார். அந்தத் தடை நீடித்திருந்தால் லினக்ஸை வணிகமாக்கிய ரெட் ஹேட் போன்ற நிறுவனம் எழுந்திருக்கவே வாய்ப்பில்லை. ஜிபிஎல்லின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை ஆப்பிள் தந்தபடியே இருக்கும் எந்த மேக் கணினியிலும் பார்க்கலாம். டெர்மினலைத் திறந்து பாஷ் கட்டளைக்கூட்டின் பதிப்பு எண்ணைக் கேட்டால் 3.2 என்று பதில் வரும். அது 2006இல் வந்த பதிப்பு வரிசை. பூட்டிய கருவிகளுக்கு எதிரான விதிகள் கொண்ட ஜிபிஎல் 3ஆம் பதிப்புக்கு பாஷ் 2009இல் மாறியது. ஆப்பிள் பழைய பதிப்போடு நின்றுவிட்டு, 2019இல் தளர்வான உரிமம் கொண்ட ஸெட்-ஷெல்லை இயல்பிருப்பாக்கியது.

ஜிபிஎல்லின் நிபந்தனைக்கு எழும் மறுப்புகளில் வலுவானது பிஎஸ்டி தரப்பினுடையது. நிபந்தனை விதிக்கும் விடுதலை விடுதலையா என்று அவர்கள் கேட்கிறார்கள். நிரலைக் கொடுத்தபின் அதை எப்படி ஆண்டாலும் சரி என்பது பெருந்தன்மைதான். டிசிபி/ஐபி உலகெங்கும் ஒரே விதமாக வேலை செய்வதற்கு அந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம். ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். 2000இல் பிஎஸ்டி உரிமத்துக்கு மாறிய மினிக்ஸின் ஒரு வடிவம், இன்டெல் சில்லுகளுக்குள் பயனர் எட்ட முடியாத மேலாண்மைப் பகுதியில் ஓடுவது 2017இல் தெரியவந்தது. டனன்பாமுக்கே அது செய்தி. தமக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவர் எழுதினார். சொல்லும் கடமை இன்டெலுக்கு இல்லை. மாணவர் ஒவ்வொரு வரியையும் படிக்கட்டும் என்று எழுதப்பட்ட நிரல், கணினியின் சொந்தக்காரரே பார்க்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்தது. உரிமம் அனுமதித்ததுதான் நடந்தது, ஆனால் எழுதியவரின் நோக்கம் அதுவன்று.

உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்ற மறுப்பு இன்னும் பழையது. ஆல்டேர் கணினிக்கான பேசிக் மொழியைக் காசு கொடுக்காமல் நகலெடுத்தவர்களைக் கண்டித்து கேட்ஸ் 1976இல் எழுதிய திறந்த மடலின் மையக் கேள்வி அதுதான்: நல்ல மென்பொருளை யார் சும்மா எழுதுவார்கள்? கேள்வி நியாயமானது. ஆனால் ஜிபிஎல் விலைக்கு விற்பதைத் தடுக்கவில்லை. லினக்ஸ் கெர்னலில் இன்று எழுதப்படும் பெரும்பகுதி சம்பளம் வாங்கும் பொறியாளர்களுடையது. ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. நிறுவனங்களின் கண்ணில் படாத சிறு கருவிகளை ஒற்றை ஆள் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் இடத்தில்தான் கேட்ஸின் கேள்வி இன்றும் உறுத்துகிறது. 2024இல் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கக் கருவிக்குள் ஒருவர் நம்பிக்கை சம்பாதித்துப் பின்வாசல் வைத்தது அப்படியோர் இடத்தில். தொலை நுழைவில் ஏற்பட்ட அரை விநாடித் தாமதத்தைச் சந்தேகித்து, கட்டவிழ்த்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்பது இந்த வரலாற்றின் குறும்பு. திறந்த நிரல் தானாகவே பாதுகாப்பானது என்ற பழைய தெம்பு இனிச் செல்லாது. ஆனால் வெளியாள் ஒருவர் இப்படி உள்ளே புகுந்து பார்க்க மூடிய நிரலில் எளிதில் வழியில்லை.

மேசைக் கணினியில் விண்டோஸே ஆள்கிறது, லினக்ஸ் தோற்றுவிட்டதே என்பாரும் உண்டு. மேசைக்கு வெளியே பார்த்தால், 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஒவ்வொன்றிலும் அதன் கெர்னல் இருக்கிறது. ஆனால் இதை வெற்றி என்று கொண்டாடுவதற்கும் எல்லை உண்டு: கெர்னல் திறந்திருக்க, அதன்மேல் கூகுளின் மூடிய சேவைகள் ஏற்றப்பட்டு, தயாரிப்பாளரின் பூட்டோடு கைபேசி பயனரிடம் வருகிறது. ஜிபிஎல் 3 தடுக்க முயன்றது இந்தப் பூட்டையே. டோர்வால்ட்ஸ் 2ஆம் பதிப்பிலேயே நின்றார். கைபேசி விஷயத்தில் ஸ்டால்மனின் அச்சமே சரியாகப் போயிற்று. ஆனால் லினக்ஸ் 3ஆம் பதிப்புக்கு மாறியிருந்தால் தயாரிப்பாளர்கள் வேறு கெர்னலைத் தேடிப் போயிருப்பார்கள் என்ற எதிர்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஒரு நிறுவனம் வீழும்போது இந்த வேறுபாடு பட்டவர்த்தனமாகிறது. பீஓஎஸ் பலர் விரும்பிய இயங்குதளம். அதைச் செய்த நிறுவனம் 2001இல் பாம் நிறுவனத்துக்குக் கைமாறியதும் அதன் நிரல் பெட்டிக்குள் போய்விட்டது. அதன் அன்பர்கள் அதைப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள்; அந்த முயற்சி பின்னர் ஹைக்கூ என்று பெயர் பெற்றது. அதன் முதல் பீட்டா பதிப்பு வந்தது 2018இல்தான். லினக்ஸ் வழங்கலான டெபியனுக்கு அந்த இடர் நேரவில்லை: 1993இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக் சில ஆண்டுகளில் பொறுப்பை ஒப்படைத்தார், 2015இல் மறைந்தார், பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன, சென்னையில் இந்திய அரசின் ஆய்வு மையமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதையே அடிப்படையாகக் கொண்டது. சன் நிறுவனம் 2005 முதல் திறந்துவிட்ட தன் யூனிக்ஸ் வகை இயங்குதளமான சோலாரிஸை, 2010இல் அந்நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள் மீண்டும் மூடியது. ஆனால் அதற்கு முன் திறந்த உரிமத்தில் வெளியே போன நிரலைத் திரும்பப் பெற ஆரக்கிளுக்கு உரிமை இல்லை. அதிலிருந்து கிளைத்த இலூமோஸை வெளியார் இன்றும் வளர்த்து வருகிறார்கள்.